காதுக்கு மேலே ஆத்தாளுக்கு

நீள முடி வைத்திருக்கும் ஆணின் மானம் காதோரத்தில்தான் இருக்கிறது. சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒருவரும் நம்புவதில்லை. தோளில் விழும் முடியை எல்லாரும் பார்க்கிறார்கள், தாடியையும் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டு நிற்கும் கிருதாவை மட்டும் எவரும் மதிப்பதில்லை. அந்தப் பாலம் சரியில்லை என்றால் மேலே இருப்பது ஓர் ஆளின் முடியாகவும் கீழே இருப்பது வேறோர் ஆளின் தாடியாகவும் போய்விடும். நடுவில் முகம், யாருடையது என்று தெரியாமல்.

இந்த ஞானமெல்லாம் போனில் வந்தது. எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது கோயில் மேட்டில்தான். அங்கே உட்கார்ந்து, எந்தெந்த நாட்டுத் தாடிக்காரர்களோ சொல்லித் தந்ததை எல்லாம் கேட்டேன். உயர்தரப் பரீட்சைக்குக்கூட அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. அவர்களில் ஒருவரும் எங்கள் வட்டவளை மழையில் தாடி வளர்த்தவர் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. தாடிக்கு எண்ணெய் தடவு என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்தது தேங்காயெண்ணெய். காலையில் அது போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து உருக்கித் தடவிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஹட்டன் டவுனில் போய் இறங்குவதற்குள் தாடி மெழுகுதிரி மாதிரி விறைத்துப்போகும்.

கிருதாப் பாடம் இன்னும் மோசம். முதல்முறை முடியை அவிழ்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று, ட்ரிமரால் இரண்டு பக்கமும் அளவாக இறக்கினேன். அழகாகத்தான் இருந்தது. பிறகு முடியை இழுத்துப் பின்னால் கொண்டை போட்டேன். காதுக்கு முன்னால் இருந்த முடியெல்லாம் கொண்டையோடு சேர்ந்து பின்னால் போய்விட்டது. தலைக்கும் தாடிக்கும் நடுவே உரித்த கோழி மாதிரி ஒரு துண்டுத் தோல் பளிச்சென்று தெரிந்தது. முடியை எப்படிக் கட்டிக்கொண்டு வெளியே போவோமோ அப்படிக் கட்டிக்கொண்டுதான் கிருதாவில் கை வைக்க வேண்டும். இதை அந்தத் தாடிக்காரர்களும் சொல்லியிருந்தார்கள். நான்தான் அந்த இடத்தை ஓடவிட்டுப் பார்த்திருந்தேன்.

எங்கள் பக்கம் ஓர் ஆண் முடியும் தாடியுமாகத் திரிவதற்கு நான்கு காரணங்கள்தாம் உண்டு: நேர்த்திக்கடன், வீட்டில் சாவு, காதல் தோல்வி, மனைவி மாசமாக இருப்பது. ஸ்டைல் என்ற ஐந்தாவது காரணத்தை லயம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் ஒரு நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, பக்கத்துக் காம்பரா வீட்டுச் சித்தி அம்மாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"யக்கா, ஒங்க மகன் என்னா இப்பிடித் திரியிறான்? வீட்லயும் கேதம் ஒன்னும் இல்ல. நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க."

"என்னா பேசுறாங்க?"

"டவுன்ல எவளயோ புள்ளத்தாச்சியா வச்சிருக்கானாம். நான் நம்பல. ஆனா தாடியப் பாத்தா அப்பிடித்தான் இருக்கு."

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "ஆத்தாளுக்கு நேர்ந்திருக்கு. அவனுக்கு வேல கெடச்சா முடி எறக்குறோம்" என்றாள்.

பின்னால் வாளியோடு நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு சுத்தமான பொய்யை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து என் முடிக்கு மரியாதை வந்தது. கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் என்னைக் கண்டால் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பஸ்ஸில் மீன் பையோடு ஏறிய ஒரு மாமா, என் பக்கத்து ஆசனம் காலியாக இருந்தும் உட்காரவில்லை. "சாமி முடி தம்பி, கவிச்சி படக்கூடாது" என்று ஹட்டன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். நான் முதல்நாள் இரவு சாப்பிட்ட கருவாட்டை நினைத்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

இந்த மரியாதையின் விலை சலூனில் தெரிந்தது. டவுனில் சலூன் வைத்திருப்பவர் எங்கள் தோட்டத்து அண்ணன்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்ததுமே துணியை உதறி மடித்து வைத்துவிட்டார்.

"வேண்டுதல் முடியில நான் கத்தரி வைக்கிறதா? ஆத்தா என் கைய முறிச்சிருவா."

"அண்ணே, முடிய வெட்டச் சொல்லல. கிருதாவ மட்டும் கொஞ்சம் இறக்குங்க."

"சரி. கிருதா எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு நீ காட்டு, நான் வெட்டுறேன்."

விரலைத் தூக்கினேன். காதின் மேல்நுனியா, நடுவா, கீழ்ச் சோணையா? அத்தனை வீடியோ பார்த்தவன், தூக்கிய விரலை மடக்கிக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவனைப் போல, வீட்டிலேயே ட்ரிமர் பிடித்தேன்.

இதற்கிடையில் வேலை கிடைத்தது. கிடைத்த விதம்தான் வம்பு. ஹட்டனில் கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். நான் எடுத்த வீடியோக்களைப் போனில் வைத்துக்கொண்டு போனேன். முதலாளி நன்றாகச் சீவிய வெள்ளைத் தாடி வைத்த, எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர். என் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, என் தலையைத்தான் பார்த்தார்.

"முடி நல்லா ஈக்கு தம்பி. கலைஞர் மாதிரி ஒரு தோற்றம் ஈக்கு. நம்மட கடைக்கு அது இல்லாமத்தான் ஆக்கள் அடுத்த கடைக்குப் போறாங்க."

தாடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கிருதாவில் கண் நின்றது. "இது நல்ல வேலை. எந்த சலூன்?"

"நானே செஞ்சது, நானா."

என் வாழ்க்கையில் கிடைத்த முதல் தொழில்முறைப் பாராட்டு அது. அப்போதே என்னைக் கமராவோடு நிறுத்திப் படம் எடுத்தார். கடை வாசலில் தொங்கவிட பேனர் அடிக்கப் போகிறாராம். எங்கள் தோட்டத்து ஆத்தா திருவிழா முடிந்து வேலைக்கு வரச் சொன்னார்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா அழுதாள், சிரித்தாள், சாமிப் படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள். பிறகு, "அப்ப திருவிழாவுலயே முடிய எறக்கிருவோம்" என்றாள்.

"அம்மா, அது சித்தி வாய மூட நீங்க சும்மா சொன்னதுதானே?"

"ஆமா. சொல்லிட்டு வந்தேனா, மனசு கேக்கல. ஆத்தா பேர வச்சுப் பொய் சொல்லலாமா? அதான் அன்னைக்கு அந்திக்கே கோயிலுக்குப் போயி நெசமாவே நேர்ந்துக்கிட்டேன்."

சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த காசை எடுத்துக் காட்டினாள். பொய் சொன்னவர்கள் அதை மறைப்பார்கள், மாட்டினால் மறுப்பார்கள். பொய்யை உண்மையாக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவளை நான் எந்த வாதத்தால் வெல்வது?

முயன்றேன். இந்த முடிக்காகத்தான் வேலை தந்தார்கள் என்றேன். "அந்த வேலயத் தந்தது ஆத்தா. முடியப் பாத்துத் தந்தாளாக்கும்?" என்றாள். பூமுடி கொடுத்தால் போதாதா, மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்தால் ஆத்தாள் ஏற்க மாட்டாளா என்றேன். "அது பொம்பளைங்களுக்கு" என்றாள். வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அப்பா, "வேணும்னா சீலையும் கட்டிக்கச் சொல்லு" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

முதலாளிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"சாமி விசயத்துல நான் என்ன சொல்ல ஏலும்? பேனர் அடிச்சு வந்திட்டு. சரி, தாடியாவது மிஞ்சுமா?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவில்லை. அன்றிலிருந்து அது ஒன்றுதான் கேள்வி.

திருவிழா அன்று பீலியடியில் பலகை போட்டு உட்காரவைத்தார்கள். சவரக்கத்தியோடு வந்தவர் அதே சலூன் அண்ணன். தலையில் தண்ணீர் ஊற்றியபோது பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. உச்சியிலிருந்து கத்தி இறங்கியது. ஈர முடி கொத்துக்கொத்தாக மடியில் விழுந்தது. காதருகே வந்ததும் கத்தி நின்றது.

"இப்ப கேக்குறேன். கிருதா தலையோட சேத்தியா, மொகத்தோட சேத்தியா?"

சுற்றி நின்றவர்கள் அனைவருக்கும் இதில் கருத்து இருந்தது. ஒரு மாமா, "ஹெல்மட்டுக்குள்ள போறது தல, வெளிய நிக்கிறது மொகம்" என்றார். முழு ஹெல்மட் போட்டால் தாடியும் உள்ளே போகுமே என்று ஒருவன் மடக்கினான். சித்தி, "நேர்ந்தது நேர்ந்ததுதான், மொத்தமா வழிச்சிரு, சந்தேகம் வேணாம்" என்றார். அப்பா, சாமிக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது என்று என் கன்னத்தைத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார். பூசாரி தூரத்திலிருந்து, "ஆத்தா ஸ்கேல் வச்சுப் பாக்க மாட்டா, சீக்கிரம் முடிங்கப்பா" என்று கத்தினார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். கெஞ்சும் முகம் எனக்கு வரும். அதுவும் பாதி மொட்டையில் இன்னும் நன்றாக வரும்.

அம்மா முன்னால் வந்தாள். என் காதின் நடுவில் விரலை வைத்தாள். "காதுக்கு மேல ஆத்தாளுக்கு. காதுக்குக் கீழ ஒருத்தரும் தொடாதீங்க."

அண்ணன் அந்த விரலோரமே கத்தியை இழுத்தார். அந்தக் குளிரிலும் எனக்கு உள்ளே சூடாக இருந்தது. என் அம்மாவுக்கு ஸ்டைல் புரிகிறது என்று நினைத்தேன். வெளியுலகம் தெரியாதவள் என்று அவளைப் பற்றி நினைத்திருந்ததை எல்லாம் மனதுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

சந்தனம் பூசிய தலையோடு வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். மேலே பளிங்கு. காதின் நடுவில் கத்தியால் கோடு கிழித்தது போல் ஒரு வேலி, அதிலிருந்து திடீரென்று தாடி. பாலம் இருந்தது, ஒரு பக்கக் கரையைத்தான் காணோம். பரவாயில்லை, இதற்கும் வழி உண்டு. மொட்டைத் தலைக்குக் கிருதாவை மேலே செல்லச் செல்ல மெலிதாக்கி, தோலோடு கரையவிட வேண்டும். ட்ரிமரை எடுத்து ஆன் பண்ணினேன்.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள்.

"டேய், அதுல கை வைக்காத!"

"அம்மா, ஓரத்த மட்டும்தான்."

"ஓரமும் இல்ல, ஒன்னும் இல்ல. அது கதிர்காமத்தானுக்கு நேர்ந்தது. ஒனக்குக் கல்யாணம் முடிவாகுற வரைக்கும் கத்தரி படக்கூடாது."

"இது எப்ப நேர்ந்தீங்க?"

"அதே அன்னைக்குத்தான். ஒன்னு கேக்கப் போனேன், ரெண்டையும் கேட்டுட்டேன். முடி ஒன்னுக்கு, தாடி ஒன்னுக்கு. சேத்து வழிச்சிருந்தா முருகனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

படத்துக்குப் பின்னால் இன்னொரு மஞ்சள் முடிச்சு இருந்தது. நான்தான் முன்பு எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது நான் ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். வாசல் பேனரில் தோள் வரை முடியோடு நான் நிற்கிறேன். கலியாண வீட்டுக்காரர்கள் அந்தத் தம்பியைத்தான் அனுப்ப வேண்டும் என்று என்னிடமே கேட்கிறார்கள். "அவர் பிஸி" என்று முதலாளி கூசாமல் சொல்லிவிடுகிறார். தலையில் முடி மறுபடி வந்துகொண்டிருக்கிறது. தாடியோ கட்டுப்பாடில்லாமல் நெஞ்சை நோக்கிப் போகிறது. கிருதா இரண்டும் புதர் மாதிரி பக்கவாட்டில் விரிந்து, பின்னாலிருந்து பார்த்தாலும் தெரிகிறதாம். நான் உருக்கிய எண்ணெயைத் தடவுவதோடு சரி.

அம்மா பொண்ணு பார்க்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்கள். நேற்று பீலியில் சித்தி மறுபடி கேட்டார்.

"யக்கா, இந்தத் தாடியப் பாத்தா எவங்க பொண்ணு குடுப்பாங்க?"

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "அதுக்குத்தானே முருகன்கிட்ட நேர்ந்திருக்கு" என்றாள்.