இரண்டு ஆள் மிஷின்

எனக்குக் கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்த புதிதில், மிளகாய் அரைப்பதென்றால் பயம். சமையல் தெரியாமல் இல்லை. என் விரல் நுனித் தோலெல்லாம் உப்புத்தாளோடு போயிருக்கும். அதில் மிளகாய் விழுது பட்டால் உச்சந்தலை வரைக்கும் எரியும். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து, அரைப்பதற்கு முன்பே கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்ட ஒரே மருமகள் பேராக் மாநிலத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சொரசொரப்பான தாளைத்தான் உப்புத்தாள் என்போம். என் வீட்டுக்காரர் தச்சர். காம்பாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளை அடைத்து அனுப்பும் பெட்டிகள் செய்துகொண்டிருந்தார். நாலு பலகை, எட்டு ஆணி, மறுபடியும் நாலு பலகை, எட்டு ஆணி. அலுத்துப்போய், தாயாரையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தவர், வாடகை வீட்டின் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் சொந்தத் தொழில் ஆரம்பித்தார். நாற்காலி, மேசை, தொட்டில், கல்யாணத்துக்கு மணைப்பலகை. இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில்.

அவர் அறுப்பார், இழைப்பார், பொருத்துவார். தேய்ப்பது நான். இப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. வந்த முதல் மாதத்தில் ஒருநாள் சாயந்திரம் காப்பி கொண்டுபோனேன். ஒரு கையில் டம்ளரை வாங்கிக்கொண்டவர், மறு கையால் ஒரு நாற்காலிக் காலையும் ஒரு துண்டு உப்புத்தாளையும் என்னிடம் நீட்டினார். நானும் எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பெரியவர்கள் முன்னால் பேசிக்கொள்ளக் கூடாது. அது யாரும் எழுதிவைக்காத சட்டம். அவருக்குத் தாகம் எடுத்தால், "அம்மா, தண்ணி குடுக்கச் சொல்லுங்க" என்பார். நான் குடத்தோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன். மாமியார் என் பக்கம் திரும்பி, "தண்ணி கேக்குறான்" என்பார். எனக்கென்ன காதா கேட்காது? வீடோ ஒரு கூடமும் ஓர் அறையும். நடுவில் பலகைச் சுவர். உள்ளே பெருமூச்சு விட்டால் வெளியே மாமியார் இருமுவார். கல்யாணமாகி ஒரு மாதம் வரை என் புருஷனின் குரல் எனக்கு அம்மாவைக் கூப்பிடும் குரலாகத்தான் தெரியும்.

கொட்டகையில் அந்தச் சட்டம் செல்லாது. வேலை நடக்கிற இடம் அல்லவா? சாயந்திரம் நாலு மணியிலிருந்து விளக்கேற்றும் வரைக்கும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்திருப்போம். வீட்டுக்குள் வாயில்லாப் பூச்சியாக இருந்த மனுஷர், அங்கே பேசினார். தலையை நிமிர்த்தாமல், மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கோப்பெங்கில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது மிதந்து வந்த ஒரு முழு மரத்தைக் கயிறு போட்டு இழுத்த கதையை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். நான் தாப்பாவில் என் தகப்பனார் வீட்டுக் கதைகளைச் சொல்வேன். ஒன்றும் பெரிய பேச்சில்லை. ஆனால் காலையில் கண் விழிக்கும்போதே எனக்கு அந்த நாலு மணி ஞாபகம் வரும். விரல் எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

அந்த விரலைப் பார்த்தது என் கொழுந்தன். ஈயச் சுரங்கம் ஒன்றின் பட்டறையில் பிட்டர் வேலை அவனுக்கு. சுற்றுகிற எதைக் கண்டாலும் அவனுக்குத் தலைகால் புரியாது. ஒருநாள் சோறு போடும்போது என் கையைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, அண்ணி கைய பார்த்தீங்களா? தோலே இல்லலா. மரத்தையா தேய்க்கிறாங்க, கையையா?"

அவர் குனிந்து சாப்பிட்டார். காது மட்டும் சிவந்தது.

"கடைத்தெருவுல அந்தச் சீனத் தவுக்கே இரும்புக் கடைக்குத் தேய்க்கிற மிசின் வந்திருக்கு. மோட்டார் வச்சது. ஒரு வாரம் வீட்டுல வச்சுப் பார்த்துட்டு அப்புறம் சொல்லலாம்னான். நான் கொண்டு வாரேன்."

நல்ல பிள்ளை. அவன் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் கிடையாது. மறுநாளே கொண்டுவந்துவிட்டான். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இரும்பு வட்டம், நிமிர்ந்து நிற்கும். அதன் முகத்தில் உப்புத்தாள் ஒட்டியிருக்கும். முன்னால் மரத்தை வைத்துப் பிடிக்கச் சின்ன இரும்பு மேடை. மோட்டார் ஓடினால் வட்டம் சுற்றும்; மரத்தைக் காட்டினால் போதும், தேய்ந்துவிடும். வீட்டு விளக்குக்கு வந்த மின்சாரத்திலிருந்து கொட்டகைக்கும் ஒரு கம்பி இழுத்தான்.

எங்கே வைப்பது என்பதில்தான் முதல் கூத்து. அது மேசை மேல் வைத்து, நின்றுகொண்டு வேலை செய்வதற்கான மிஷின். ஊருக்கெல்லாம் மேசை செய்து கொடுத்த எங்கள் வீட்டில் மேசை கிடையாது. அறுப்பது, இழைப்பது, சாப்பிடுவது எல்லாம் தரையில்தான். பலகையைப் பிடிக்கக் கால் விரல் இருக்கும்போது மேசை எதற்கு? அதனால் மிஷினையும் தரையிலேயே வைத்து, அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மோட்டாரை ஓட விட்டார். தூள் முழுக்க முகத்தில். இமையெல்லாம் வெள்ளையாகி, திருநீற்றுக் கொப்பரையில் விழுந்து எழுந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் மெராந்திப் பலகையில் உயரமாக ஒரு மேசை அடித்து மிஷினை அதன் மேல் ஏற்றிவிட்டார். அதோடு என் சிரிப்பும் போயிற்று. அவர் நின்றார். நான் வழக்கம்போல் கீழே உட்கார்ந்தேன். எனக்கு அவருடைய இடுப்பு வேட்டிதான் தெரிந்தது. மோட்டார் போட்ட சத்தத்தில் நான் ஏதோ சொன்னேன். மிஷினை நிறுத்தி, "என்ன?" என்றார். திரும்பச் சொன்னேன். மறுபடி ஓட்டினார். மறுபடி சொன்னேன். மறுபடி நிறுத்தினார். மூன்றாவது தடவை, "ஒண்ணுமில்ல" என்றேன். சொல்ல வந்தது அப்படி ஒன்றும் நிறுத்திக் கேட்க வேண்டிய விஷயமில்லை. எங்கள் பேச்சு எதுவுமே அப்படிப்பட்டதில்லை.

பொய் சொல்லக் கூடாது, மிஷின் நல்ல மிஷின். நான் இரண்டு நாள் உட்கார்ந்து தேய்ப்பதை அது ஒரு மணி நேரத்தில் முடித்தது. என் விரலில் தோல் வளர்ந்தது. பயமில்லாமல் மிளகாய் அரைத்தேன். நாலாம் நாள் கொழுந்தன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, "அண்ணி, இனிமே நீங்க கொட்டகைக்கு வரவே வேணாம்" என்றான்.

"நல்லதாப் போச்சு," என்றார் மாமியார். "பொழுதோட அடுப்படியைப் பாக்கலாம்."

 நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லவில்லை. நானாவது சொல்லலாமென்றால், என்னவென்று சொல்வது? அத்தை, உங்கள் மகனோடு பேச எனக்கு வேறு நேரமில்லை என்றா? உயிரே போனாலும் அந்தக் காலத்தில் ஒரு மருமகள் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அடுப்படியில் புகை மூட்டத்தில் உட்கார்ந்து அழுதேன். புகைக்கு அழுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அழுது முடித்தபின் புத்தி வேலை செய்தது. கொட்டகையை ஒட்டித்தான் மாமியாரின் கோழிக்கூடு. ஆறு பெட்டைகள். பெற்ற பிள்ளைகளைவிட அவற்றின் மேல் அவருக்குப் பிரியம். மோட்டார் ஓடும்போதெல்லாம் அவை படபடவென்று அடித்துக்கொண்டதை நான் கவனித்திருந்தேன். மறுநாள் விடியற்காலையில் மாமியார் எழுவதற்கு முன்னால் போய், கூட்டிலிருந்த முட்டைகளை எல்லாம் எடுத்துக் கொட்டகையில் கிடந்த மரத்தூள் மூட்டைக்குள் புதைத்தேன். அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த மூட்டைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள் என்று நம்பினேன்.

முதல் நாள் மாமியார் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் நாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். நான் பூனை மாதிரி பின்னால் போய், "சத்தத்துக்குப் பயந்திருக்குமோ, அத்தை?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"அந்தச் சனியனைத் தூக்கிட்டுப் போய்க் குடுங்கடா!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் மோட்டாரே தோற்றது. கொழுந்தன் கெஞ்சிப் பார்த்தான். "அம்மா, கோழி பழகிக்கும்லா" என்றான். நடக்கவில்லை. கடைக்காரனை நேரில் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மாமியாரே கிளம்பிவிட்டார். துணைக்கு நான். அதுவரை இரும்புக் கடைப் பக்கம் நான் காலெடுத்து வைத்ததில்லை. பெண்பிள்ளைகள் போகிற இடமில்லை அது. அண்ணனும் தம்பியும் மிஷினைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ள, நாங்கள் இருவரும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பின்னால் நடந்தோம்.

தவுக்கே, அதாவது அந்தக் கடை முதலாளி, நல்ல மனிதர். மாமியார் தமிழில் திட்டியதை எல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த நேரத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். கடையின் மூலையில் இன்னொரு தேய்ப்பு மிஷின். அதே போல வட்டம், அதே போல மேடை. ஆனால் மோட்டார் இல்லை. பக்கத்தில் கைப்பிடி வைத்த ஒரு பெரிய பற்சக்கரம்.

"அது பழைய மாதிரிண்ணே," என்றான் கொழுந்தன். "கையால சுத்தணும். ஒரு ஆள் சுத்த, ஒரு ஆள் மரத்தைப் பிடிக்க, ரெண்டு ஆள் வேணும். நமக்குச் சரிப்படாது."

ரெண்டு ஆள் வேணும். அந்த மூன்று வார்த்தையும் என் காதில் விழுந்த மாதிரி வேறு யார் காதிலும் விழுந்திருக்காது.  கடை, தவுக்கே, நடுத்தெரு எல்லாம் மறந்துபோய் மாமியாரின் காதருகே போனேன்.

"அத்தை, இது சத்தம் போடாது. கோழி பயப்படாது. கரண்டும் வேணாம். சுத்துறதுக்கு நான் இருக்கேன்னு சொல்லுங்க."

மாமியார் அப்படியே சொன்னார். என் வீட்டுக்காரர் மூலைக்குப் போய், கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். வட்டம் குர்ரென்று சுழன்று நின்றது. என்னைப் பார்க்கவில்லை. "இதையே எடுத்துக்கலாம்மா" என்றார் அம்மாவிடம்.

கொழுந்தனுக்கு மனசே ஆறவில்லை. மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்னால் ஒரு சக்கரத்தில் பள்ளம் இருப்பதைக் கண்டுபிடித்தான். "இங்க ஒரு தோல் பெல்ட்டு மாட்டினா பின்னாடி மோட்டார் போட்டுக்கலாம்ணே. பெல்ட்டு சிங்கப்பூர்லேர்ந்து வரணுமாம். நீங்க எழுதச் சொல்லுங்க. மோட்டாருக்கு நான் பொறுப்பு." அவர் தலையாட்டினார்.

உயர மேசை அன்றைக்கே கொட்டகையின் ஓரத்துக்குப் போயிற்று. புது மிஷினைத் தரையில் ஒரு மணைப்பலகை மேல் வைத்தோம். தூள் தெறிக்கிற வேகம் அதற்குக் கிடையாது. நான் சுற்றினேன், அவர் பிடித்தார். இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. "மெதுவா", "கொஞ்சம் வேகமா" என்று மட்டும் உரக்கச் சொல்வார். அது வீட்டுக்குள் கேட்க. மற்றதெல்லாம் எங்களுக்குள். ஆற்றில் மரம் இழுத்த கதையின் நாலாவது விதத்தை அங்கேதான் கேட்டேன். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கூட்டுக்குத் திருப்பினேன். அந்த வாரம் பெட்டைகள் போட்டி போட்டுக்கொண்டு இடுவதாக மாமியார் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

கொழுந்தன் மாதம் ஒருமுறை கேட்பான். "அண்ணே, பெல்ட்டு வந்துருச்சா?" இவர், "எழுதியிருக்கு" என்பார். அடுத்த மாதம், "கப்பல்ல வருதாம்." அதற்கடுத்த மாதம், "அளவு மாறிப் போச்சாம்." அவனுக்கும் கல்யாணமாகி, காம்பார்ப் பக்கம் வேலை கிடைத்துப் போனான். அதன்பிறகு கேட்க ஆளில்லை. வராத அந்த பெல்ட்டுக்கு நான் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே சக்கரம் சுற்றினேன்.

சில வருஷம் கழித்து அதே ஈப்போவில் வேறு வீடு பார்த்தோம். சாமான் கட்டும்போது அவருடைய உளிப் பெட்டியை முழுக்கக் காலி செய்தேன். இழைப்புளிகளுக்கும் பழைய அரங்களுக்கும் அடியில், எண்ணெய்த்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். தோல் பெல்ட்டு. ஒரு தடவைகூட மாட்டாமல் விறைப்பாக இருந்தது. மிஷினுக்கு எடுத்துப் போய்ப் பின்சக்கரத்துப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

அவர் வாசலில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். பெல்ட்டை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது எப்பங்க வந்துச்சு?"

நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கல்லின் மேல் உளியை வைத்துத் தீட்டினார்.

"நீ மரத்தூள் மூட்டைக்குள்ள முட்டை வச்சியே, அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு."

 கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. பெல்ட்டை எண்ணெய்த்தாளில் சுற்றி, பழையபடி நூல் கட்டி, பெட்டியின் அடியிலேயே வைத்தேன். புது வீட்டில் அன்று சாயந்திரம் அடுப்பைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று மிஷினைத்தான் முதலில் இறக்கினோம்.