உடுப்பில்லாத மோட்டார் சைக்கிள்

அது வீட்டுக்கு வந்த அன்று, மிச்சம் எங்கே என்றுதான் நான் கேட்டேன். எஞ்சினை மூடப் பக்கத்தில் தகடு இல்லை. அபாயா சங்கிலியில் சிக்காமல் தடுக்க ஒரு கம்பி இல்லை. பை கொழுவக் கொக்கிகூட இல்லை. இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டி, அதற்குள் எஞ்சினைத் தொங்கவிட்டு, மேலே ஒரு பெற்றோல் டாங்கியும் முன்னால் ஒரு வட்ட லைற்றும் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

“உடுப்புப் போட மறந்திட்டாங்களா?” என்றேன்.

“இதுர அழகே அதுதான் புள்ள” என்றார்.

என் கணவர் கல்முனையில் ஓர் அலுவலகத்தில் படவரைஞர். நாள் முழுக்க வீதிக்கும் வாய்க்காலுக்கும் கோடு கீறுகிற மனிதர். யப்பானில் யாரோ ஓடிக் கழித்து, கொழும்பு வழியாக வந்து சேர்ந்த அந்த நானூறு சீசீ வண்டியிலும் அவர் கோடுகளைத்தான் கண்டார். ஒரு குழாயும் சும்மா இல்லையாம். ஒவ்வொன்றும் எதையோ தாங்குகிறதாம். எஞ்சினில் இரண்டு சிலிண்டர். ஒன்று முன்னால் சரிந்தும் மற்றது பின்னால் நிமிர்ந்தும் இங்கிலிஷ் ‘வி’ எழுத்துப் போல நிற்கும். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, இரண்டு விரலை விரித்துக் காட்டி எனக்கு விளக்குவார். ஒற்றைச் சிலிண்டர் என்றால் உதறும். நாலு என்றால் அகலம், பாரம். இதில் ஒன்றின் உதறலை மற்றது வாங்கிக்கொள்ளும், வண்டியின் இடுப்போ சைக்கிள் மாதிரி ஒடுங்கியிருக்கும். சோறு ஆறிப்போகும். விரல் மடங்காது.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எனக்கென்று பின்னால் விட்டிருந்த இடம், பிள்ளைகளின் ஒரு கொப்பியின் அகலம். ஏறிய முதல் வாரமே சைலன்சரில் கால் வெந்தது. ஆறு வயது மகள் டாங்கியின் மேல் குந்திக்கொண்டு வருவாள். அவளுக்கு மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை.

சுனாமி வந்த வருடக் கடைசியில் அந்த வண்டி, கடலுக்குத் தூரமாக உள்பக்கத்தில் இருக்கிற சம்மாந்துறையில், ஒரு மெக்கானிக்கிடம் கிடந்தது. ஏதோ ஒரு ரப்பர் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். ரப்பர் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டதும் என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், “நீயும் வாவன், உன்ர ராத்தாவப் பாக்கலாம்” என்று வெளிக்கிட்டார். என் மூத்த சகோதரி சம்மாந்துறையில்தான் கலியாணம் முடித்திருந்தாள். எனக்கு அன்று தலைக்கு மேல் வேலை. துவைத்த உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு, மழை வந்தால் எடுத்து வைக்கும்படி அடுத்த வீட்டுப் பெண்ணிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக இவரை ஏசிக்கொண்டே போனேன்.

ராத்தா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வீதியில் ஆட்கள் ஓடிவந்தார்கள். கடல் ஊருக்குள் வந்துவிட்டதென்றார்கள். பிறகு உழவு இயந்திரப் பெட்டிகளில் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் நாங்கள் எங்கள் ஊரான கல்முனைக்குடிக்குப் போனபோது வீட்டின் தரையும் கிணறும் மட்டும் மிஞ்சியிருந்தன. அடுத்த வீட்டுப் பெண்ணையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் நாங்கள் போகுமுன்னமே அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும், பைக்கால்தான் தப்பினீர்கள் என்றார்கள். இவரும் அதை நம்பிவிட்டார். எங்களைத் தப்ப வைத்தவன் அல்லாஹ், அந்த நேரத்தில் உங்கள் வண்டி மூன்று சாக்குக்குள் கிடந்தது என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் அவர் தலையை ஆட்டுவாரே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை.

எங்களிடம் மிஞ்சிய ஒரே சாமான் அதுதான். பள்ளிக்கூடத்தில் தங்கி, கூடாரத்தில் தங்கி, கடைசியில் பலகைக் கொட்டிலுக்கு வந்தோம். தண்ணீர், அரிசி, பாய், அடுப்பு எல்லாவற்றையும் எங்கேயாவது போய்ச் சுமந்துவர வேண்டிய காலத்தில், ஒரு சாமானும் கட்ட முடியாத வண்டி எங்களுடைய வண்டி. நிவாரணமாகக் கொடுத்த சாமானை மடியில் அணைத்துக்கொண்டு நான் பின்னால் இருந்தேன்.

ஒருநாள் நிரந்தர வீட்டுக்குப் பெயர் பதிய ஒரு உத்தியோகத்தர் வந்தார். விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர், கொட்டில் வாசலில் நின்ற வண்டியைக் கண்டதும் பேனையை மூடினார்.

“இவ்வளவு பெரிய வண்டி வைச்சிரிக்கிற ஆக்களுக்கு வீடு என்னத்துக்கு டீச்சர்?”

அது பழைய வண்டி, வீட்டோடு எல்லாம் போய்விட்டது என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரும் இளகி வந்த நேரம் என் கணவர் வந்து சேர்ந்தார். உத்தியோகத்தர் பேச்சுக்கு, எத்தனை சிலிண்டர் என்று கேட்டுவிட்டார். இவர் விரலை விரித்தார். பாரமே குறைவு, வேண்டுமென்றால் தூக்கிப் பாருங்கள் என்று அவரை வண்டியின் மேல் ஏற்றியும் வைத்தார். எங்கள் பெயர், பிறகு பார்க்கலாம் என்கிற இரண்டாம் பட்டியலுக்குப் போனது. அதைத் திரும்ப முதலாம் பட்டியலில் போடுவிக்க நான் மூன்று தரம் அலைந்தேன்.

யுத்த காலம், இராணுவச் சோதனைச் சாவடியிலும் இதே கதைதான். மற்றவர்களை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். எங்களை நிறுத்தி, வண்டிப் புத்தகம் பார்த்து, பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்பார்கள். இவருடைய அரைகுறைச் சிங்களம் அங்கேதான் வளர்ந்தது. துவக்கைத் தோளில் போட்டபடி ஒரு இளம் சிப்பாய் முழங்காலிட்டுச் சிலிண்டரைத் தடவிப் பார்த்தான். நானும் மகளும் வெயிலில் நின்றோம்.

அடுத்த வருடம் ஒருநாள் காலை பத்து மணியிருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கடல் திரும்பவும் வருகிறதென்று கதை பரவிவிட்டது. தாய்மார் வகுப்புக்குள் ஓடிவந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். இவரும் வந்தார். என் வகுப்பில் இன்னும் நாலு பிள்ளைகளைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. அவர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றேன். பக்கத்து வகுப்பிலிருந்த மகளையாவது கொண்டுபோங்கள் என்றேன். அவர் மகளை டாங்கியில் இருத்தி, வாசலில் நின்றார். கடைசிப் பிள்ளையின் வாப்பா வரும்வரை நின்றார்.

சம்மாந்துறை வீதி அடைபட்டிருந்தது. உழவு இயந்திரம், வான், முச்சக்கர வண்டி, மாடு எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒரு உழவு இயந்திரப் பெட்டிக்கும் மதகுச் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதற்குள் அவர் விட்டார். என் முழங்கால் சுவரில் படவில்லை. அதற்கப்பால் வழியே இல்லாதபோது வயல் வரம்பில் இறக்கி, அவர் பிடிக்க நான் பின்னாலிருந்து தள்ளினேன். இவ்வளவு இலேசாக அது நகரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வேகம் கூட்டாமலே சேற்றிலிருந்து தன்பாட்டில் ஏறியது. கடலை நினைத்து அழுதுகொண்டே தள்ளிய எனக்கு அந்த நேரத்திலும் அது புரிந்தது.

கடல் வரவில்லை. ராத்தா வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “பாத்தியா, ரெண்டாம் கியர்லயே எப்பிடி இழுத்திச்சு?”

என் கைப்பையால் அவர் முதுகில் அடித்தேன். “மனிசனா நீங்க?” என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார். வண்டிப் பூட்டிலிருந்து திறப்பைக் கழற்றப் போனார். இரண்டு தரம் முயன்றும் முடியாமல், கடைசியில் நான்தான் கழற்றினேன்.

யுத்தம் முடிந்த வருடம், நாங்கள் புது வீட்டில் இருந்தோம். ஒருநாள் பின்னேரம் அவர் பின்னால் சாமான் வைக்கக் கரியலும் கொக்கியும் சங்கிலி மூடியும் உள்ள ஒரு சின்ன மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மற்றதை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த இளம் டொக்டருக்கு விற்றுவிட்டாராம்.

“இப்ப சந்தோசம்தானே?”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?”

“நீதானே அஞ்சு வருசமா ஏசிக்கிட்டு இரிந்த.”

“ஓம், ஏசினதான். விக்கச் சொன்னனா?”

அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. 

சின்ன வண்டியைக் குறை சொல்ல முடியாது. அரிசி மூட்டையையும் காஸ் சிலிண்டரையும் அது கொண்டுவந்தது. அவர் அதை நிறுத்திவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே வருவார்.

சில மாதம் கழித்து, சந்தையிலிருந்து வரும் வழியில் அந்த டொக்டர் எங்கள் பழைய வண்டியில் வந்து எங்களை மறித்தார். காலையில் ஸ்டார்ட் ஆகக் கஷ்டமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். என் கணவர் மீன் பையை என் கையில் தந்துவிட்டு, வீதியோரம் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தினார். சாவடிகள் எல்லாம் எடுபட்டு, வீதி நேராகத் திறந்து கிடந்தது. எங்களை நிறுத்த ஒருவரும் இல்லாத அந்த வீதியில் நான் அரை மணித்தியாலம் நின்றேன். மீன் கெட்டுவிடும் என்று இரண்டு தரம் சொன்னேன். பிறகு ஒரு முச்சக்கர வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.