மஞ்சள் ஸ்வெட்டர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெள்ளை ஈ வளர்ப்பவருக்கு ஈக்காரர் என்றே பெயர். மனைவி இறந்து ஒன்பது வருடம். மகள் இரண்டு விமானம் மாறிப் போகும் தூரத்தில் இருந்தாள். வாரம் ஒருமுறை கூப்பிடுவாள். சாப்பாட்டு மேசைக்கு அவர் வந்தால் யாராவது கேட்பார்கள்: "தனியா வந்தீங்களா, ஈயையும் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?" சிரித்துவிட்டுக் கடைசி நாற்காலிக்குப் போய்விடுவார். பக்கத்தில் யாரும் உட்காரமாட்டோம். நானும்தான்.

அவர் வேலைக்கு ஒரே சட்டம். காலையில் சுத்த அறை, மதியம் நோய் அறை. நோய் அறைக்குள் போனபின் குளித்து உடை மாற்றாமல் சுத்த அறைப் பக்கம் திரும்பக் கூடாது. நோய்ச்செடியில் சாறு குடித்த ஈ அடுத்த செடியில் வாய் வைத்தால் வைரஸும் கூடவே இறங்கிவிடும். அது குடியேறுவது செடிக்குள் சர்க்கரை ஓடும் குழாயில். இலை சமைத்தது வேருக்குப் போகாது. இலையிலேயே மாவாகத் தேங்கும். வேர் பட்டினி கிடக்க, இலை தடித்து ஓரம் சுருளும். கண்ணுக்குத் தெரியுமுன்பே அவர் விரலுக்குத் தெரிந்துவிடும்: காய்ந்த காகிதம் போல் மொறுமொறுக்கும்.

குளிர் அதிகமான ஒரு வியாழக்கிழமை, மகள் அனுப்பிய மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தார். மதியம் நோய் அறையிலிருந்து வெளியே வந்து மேலங்கியைக் கழற்றும்போது, காலையில் சுத்த அறையில் மறந்து வைத்த போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும். ஓடினார்.

"பார்சல் வந்துச்சாப்பா?"

"வந்துச்சும்மா, போட்டிருக்கேன்..."

மணிக்கட்டருகே இரண்டு வெள்ளைப் புள்ளிகள். மஞ்சள் என்றால் வெள்ளை ஈக்கு உயிர். நாங்கள் வைக்கும் பொறி அட்டைகூட மஞ்சள்தான். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் பறந்தன.

அந்தச் சுத்த அறையில் இருந்தவை ஓர் ஆராய்ச்சி மாணவியின் நாற்பது தக்காளிச் செடிகள், மூன்று வருட உழைப்பு. அவை காய்க்கும்வரை வேறு விதை கிடையாது. யாரும் பார்க்கவில்லை. நோய் தெரிய இரண்டு மூன்று வாரமாகும். வலையில் ஓட்டை என்று சொல்லித் தப்பிக்கலாம். நேராக அவள் மேசைக்கு வந்தார்.

"அம்மா, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்."

கேட்டு முடித்ததும் அவள் எழுந்துவிட்டாள். "என்ன அங்கிள் இது! எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறதே நீங்கதானே!"

"அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் திட்டு. முதல்ல ஒவ்வொரு செடிக்கும் வலை போட்டுடலாம், வா."

பதினேழாம் நாள் கதவோரச் செடி ஒன்று அவர் விரலில் மொறுமொறுத்தது. அந்த வாரம் மொத்தம் ஆறு. அவரே வேரோடு பிடுங்கிப் பையில் கட்டினார். முப்பத்துநான்கு தப்பின. "அன்னிக்கே சொன்னதால பொழச்சுது" என்றாள் அவள். சுத்த அறைச் சாவியை அவராகவே அவளிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மகளின் போன் வந்தது; ஸ்பீக்கரில் போட்டார். கடைசி நாற்காலியிலிருந்து பேச்சு எங்களுக்குக் கேட்டது.

"ஸ்வெட்டரைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னாங்களாப்பா?"

"போட்ட அன்னிக்கே ரெண்டு பேர் வந்து ஒட்டிக்கிட்டாங்கம்மா."

"அப்பாடா! உங்களுக்கும் அங்க ஆள் கெடச்சாச்சு."

"ம்" என்றார்.