பதினேழாம் சீட்காரரைத் தேடி

அவளுடைய வேலை தலை எண்ணுவது. நகரத்தைச் சுற்றிக் காட்டும் பேருந்தில் பதினோரு வருடமாக அதே வேலை. அருங்காட்சியகம், ஏரி, மணிக்கூண்டு என்று ஒவ்வொரு இடத்திலும் நாற்பது பேரை இறக்கிவிட வேண்டும். நாற்பது பேரும் திரும்பி ஏறிவிட்டார்களா என்று பார்த்து, "போலாம் அண்ணே" என்று ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். இடையில் பயணிகளின் பைகளுக்கும் தன் பையிலிருக்கும் டிக்கெட் மிஷினுக்கும் காவலாக வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். அருங்காட்சியகத்தின் வாசல்படி ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், மைக்கில் ஒப்பிக்கும் நாலு வரிதான் தெரியும்.

வீடு என்பது ஒரு மாடி அறை. கணவன் போய் எட்டு வருடம். அண்ணன் இதே நகரத்தின் மறுகோடியில் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க மட்டும் வருவார். போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு மூன்று நாள் சுருண்டு கிடந்தாள். கதவைத் தட்டியவர் ஒரே ஒருவர், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர்.

ஒரு வியாழக்கிழமை எண்ணியபோது முப்பத்தொன்பதுதான் வந்தது. பதினேழாம் சீட் காலி.

அதில் வந்தவர் ஒரு தையல்காரர். ஐம்பது வயதுத் தனிக்கட்டை. கடைக்கு வியாழன்தோறும் விடுமுறை. அவரைத் தேடித்தான் அவள் முதல் முறையாக அருங்காட்சியகத்துக்குள் போனாள். கூரையிலிருந்து தொங்கிய திமிங்கல எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்தவள், வந்த காரியத்தையே மறந்தாள். அதன் விலா எலும்புகளுக்குக் கீழே, பெஞ்சில் அவர் கண்ணை மூடிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வியாழன் ஏரிக்குப் பின்னால், படகு பழுது பார்க்கும் கொட்டகையில் வாத்துக்குஞ்சுகளுக்கு நடுவே இருந்தார். அதற்கடுத்த வாரம் எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு கிணற்றடியில். அன்று அவளுக்குப் பொறுமை போயிற்று.

"கையில வாட்ச் இல்லையா சார்?"

"இருக்கு மேடம். வீட்ல இன்னொண்ணும் இருக்கு."

"அப்புறம் என்ன?"

அவர் தலை குனிந்தார். "முதல் வாரம் நிஜமாவே கண்ணசந்துட்டேன். நீங்க தேடிக்கிட்டு வந்தீங்க. என்னை யாரும் அப்படித் தேடி வந்ததில்ல."

அவள் திட்ட வந்த வார்த்தைகளை விழுங்கிக்கொண்டாள்.

ஆனால் காத்திருந்த பயணிகள் விடுவார்களா? புகார் எழுதினார்கள். மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒருத்தருக்காகவும் வண்டி நிக்கக் கூடாது. இன்னொரு புகார் வந்தா நீங்க வீட்லயே இருந்துக்கலாம்."

அடுத்த வியாழன் அவர் ஏறும்போதே கெஞ்சினாள். "இன்னைக்கு விளையாடாதீங்க சார். என் வேலை போயிடும்."

"சத்தியமா வந்துடறேன் மேடம்."

சொன்னபடி எல்லா இடத்திலும் முதல் ஆளாக வந்து ஏறினார். கடைசி இடம் மணிக்கூண்டு. அங்கே மட்டும் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. பின்சீட்டில் ஒரு பெண் ரயிலுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தாள்.

"அந்தாளுக்கு இதே பொழப்பு தங்கச்சி. எடுக்கவா?" என்றார் ஓட்டுநர்.

"எடுங்கண்ணே."

வண்டி பத்தடி நகர்ந்திருக்கும்.

"நிறுத்துங்க. நான் இறங்கிக்கிறேன். இவங்களை ஸ்டேஷன்ல விட்டுடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமாண்ணே," என்று இறங்கிவிட்டாள்.

மணிக்கூண்டின் குறுகலான படிகளில் மூச்சு வாங்க ஏறினாள். பாதி வழியில் அவர் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"இன்னைக்கு ஒளியல மேடம். முட்டி பிடிச்சுக்கிச்சு. முப்பது வருஷம் தையல் மிஷின் மிதிச்ச காலு. ஆனா நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "உங்களை யாரும் தேட மாட்டாங்களா?"

"தேடாம என்ன? டிக்கெட் மிஷின் என் பையிலதான இருக்கு."

அவள் சொல்லி முடிக்கவும் போன் அடித்தது. மேலாளர்தான். மிஷின் எங்கே என்று கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்றாள். நாளைக் காலையில் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அவருக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"வலி குறையட்டும் சார். மெதுவா இறங்கலாம். ஓடிப் போய்ப் பிடிக்க நமக்கு வண்டி எதுவும் இல்ல."