நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு

இது நடந்தது. கேதீஸ்வரி பொய் சொல்கிற ஆள் இல்லை. பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்து குசினிக்குள் போய்விடுகிறவள். இன்றைக்கும் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதில்லை. நேரத்தை மட்டும்தான் சொல்வாள். பின்னேரம் ஐந்து நாற்பது.

2024 ஆவணியில், நாரந்தனையில் இருந்த அவர்களுடைய காணியைப் படையினர் விட்டுவிட்டுப் போனார்கள். இருபத்தெட்டு வருடம் முகாமாக இருந்த நிலம். வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் ஒரு பூவரச மரமும்தான் மிச்சம். வெடிபொருள் எதுவும் இல்லை என்று கையில் ஒரு கடிதமும் கிடைத்தது. கேதீஸ்வரியும் தம்பி தயாபரனும் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, பற்றை வெட்டத் தொடங்கினார்கள்.

முதல் நாளே தயாபரன் அதைக் கண்டான். பூவரசின் கீழே, பற்றைக்குள், சீமெந்தால் கட்டிய ஒரு மேடை. நாலடி நீளம் இருக்கும். மேலே சிங்களத்தில் இரண்டு வரி எழுத்து.

பக்கத்து வளவு யாக்கோப்பு எட்டிப் பார்த்தார்.

"உதில ஆமிக்காரர் தங்கட நாயைத் தாட்டுப் புதைச்சவங்கள் எண்டு சனம் கதைச்சது."

"நாய்க்கு ஆரண்ணை சீமெந்து கட்டுறது?" என்றான் தயாபரன்.

யாக்கோப்பு தன் வளவுக்குள் திரும்பிப் போய்விட்டார். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. அவர்களுடைய அண்ணன் றஜீபன் 2007இல் ஒரு காலை வேலைக்கென்று சைக்கிளில் போனவன். சைக்கிள் மட்டும் தெருவோரத்தில் கிடந்தது. ஆள் வரவே இல்லை.

"பொலிசுக்குச் சொல்லுவமோ?"

"சொன்னா அடுத்த நாள் அதில ஒண்டும் இராது அக்கா. வெள்ளிக்கிழமை நாங்களே கிண்டுவம். ஒருத்தருக்கும் மூச்சு விடாதை."

திங்கட்கிழமை பின்னேரம். கேதீஸ்வரி தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். வெளியே, தெருப் பக்கமாக ஒரு சீழ்க்கை கேட்டது. நீளமாய் ஒன்று. குட்டையாய் இரண்டு. அதற்குப் பிறகு காய்ந்த சருகின் மேல் எதுவோ ஓடுகிற சத்தம். நாலு கால்... வேகமாக... பூவரசிலிருந்து கிணற்றுப் பக்கம். எழுந்து வந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. கைபேசியில் மணி ஐந்து நாற்பது.

செவ்வாய்க்கிழமையும் அதே சீழ்க்கை. அதே நிமிடம்.

"எங்களை உளவு பாக்கிறாங்கள்," என்றான் தயாபரன். "கிண்டப் போறம் எண்டு மணந்திட்டாங்கள். பயப்பிடுத்திக் கலைக்கப் பாக்கிறாங்கள்."

கத்தியை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வந்தான். ஆள் நடந்த அடையாளமே இல்லை. நாயின் காலடி மட்டும் மணலில் புதிதாகக் கிடந்தது. சீமெந்து மேடையின் ஓரத்தில் தொடங்கியது. கிணற்றுக்குப் போகிற வழியில், பற்றைக்கு ஒரு அடி முன்னால் முடிந்தது. முடிந்த இடத்தில் மணல் வட்டமாக அமுங்கியிருந்தது, நாய் குந்தியிருந்தது போல.

திரும்பி வந்த தடம் இல்லை.

யாக்கோப்பு வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அயலிலும் இல்லை. புதனும் வியாழனும் அதே சத்தம், அதே இடத்தில் அதே அமுங்கல். கேதீஸ்வரி இப்போது யாக்கோப்பையும் நம்பவில்லை. தெருவில் போன மீன்காரனையும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குச் சீமெந்தை உடைத்தார்கள். இரண்டடி ஆழத்தில் எலும்பு தட்டியது. தயாபரன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மண்ணை விலக்கினான். முதலில் ஒரு தோல் பட்டி வந்தது. அதில் இலக்கம் பொறித்த பித்தளைத் தகடு. பிறகு நீண்ட தாடை. கூர்ப்பல்.

நாய்தான்.

கேதீஸ்வரி குழியோரத்தில் இருந்து அழுதாள். அண்ணன் இல்லை என்ற நிம்மதியில் அழுதாளா, அண்ணன் இங்கேயும் இல்லை என்று அழுதாளா, அவளுக்கே தெரியாது.

"கையைக் கழுவிப்போட்டு வாறன்," என்று தயாபரன் வாளியும் கத்தியுமாக எழுந்தான். அதுவரை தண்ணீர் யாக்கோப்பு வீட்டிலிருந்துதான் வந்தது. அன்றைக்கு, ஐந்து நாற்பதுக்கு, அவன் தங்கள் கிணற்றுப் பக்கம் நடந்தான்.

சீழ்க்கை கேட்டது.

இம்முறை தெருவிலிருந்து இல்லை. அவள் காதுக்குப் பக்கத்தில்... ஒரு மூச்சுக்காற்றின் தூரத்தில். நீளமாய் ஒன்று. குட்டையாய் இரண்டு.

குழிக்குள்ளிருந்து மண் சரிந்தது. அவளைத் தாண்டி எதுவோ ஓடியது. சருகு நொறுங்கியது.

தயாபரன் பற்றைக்கு முன்னால் அப்படியே நின்றான்.

"அக்கா..."

"என்ன?"

"காலை அசைக்க ஏலாது."

"பாம்போ?"

"இல்லை. என்ரை காலுக்கு மேல... குந்தியிருக்கு. சூடா இருக்கு."

அவள் பார்த்தாள். அவன் காலடியில் ஒன்றும் இல்லை.

அவன் சாரத்தின் விளிம்பு மட்டும் பின்பக்கமாக இழுபட்டது. ஒருதரம்.

இன்னொருதரம்.

"பின்னால வா!" என்று கத்தினாள். "பின்னால வா!"

வந்தான்.

பற்றைக்குள் ஏதோ இருக்கிறது என்று கேதீஸ்வரி அறிவித்தாள். சனிக்கிழமை கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவள் கஜாலினி என்ற கிளிநொச்சிப் பெண். பற்றைக்குள், தயாபரன் அடுத்த அடி வைத்திருக்கக் கூடிய இடத்தில், நாலு விரல் ஆழத்தில் மிதிவெடி இருந்தது. எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டாள். நாய் குந்தியது என்றாள் கேதீஸ்வரி. கஜாலினியின் முகம் மாறியது.

"வெடி தேடுற நாயள் அப்பிடித்தான் அக்கா. மணந்து பிடிச்சா குலைக்காது. பேசாமல் குந்தும்."

சீமெந்து எழுத்தை அவள்தான் வாசித்தாள். சிங்களத்தில் நாயின் பெயர், டைனோ. இரண்டாவது வரியில் 2013 என்று வருடம். பட்டி இலக்கத்தை வைத்துத் தெரிந்தவர்களிடம் விசாரித்தாள். டைனோவை வைத்திருந்த சிப்பாயின் பெயர் கருணாசேன. அதே காணியில், அதே கிணற்றடியில் 2013இல் வெடியில் அகப்பட்டவர். அவரைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து நாய் சாப்பிடவில்லை. பதினோராம் நாள் செத்துப்போனது.

மூன்று கிழமை கழித்துப் பொலனறுவையில் ஒரு தொலைபேசி இலக்கம் கிடைத்தது. நன்றி சொல்லத்தான் எடுத்தார்கள். கஜாலினி சிங்களத்தில் கதைத்தாள். கேதீஸ்வரி பக்கத்தில் நின்றாள். கதை நீண்டது. இடையில் கஜாலினி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னவாம்? ஆள் செத்துப்போச்சுதோ?"

"இல்லை. உயிரோடதான் இருக்கிறார். மனுசிதான் கதைச்சவ. தலையில காயமாம். பதினொரு வருசம் படுக்கை. கதைக்க ஏலாது, ஆக்களையும் தெரியாது. பின்னேரத்தில மட்டும் ஒருக்கா விசில் அடிப்பாராம்."

கேதீஸ்வரி எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை.

"நீங்கள் கிண்டின வெள்ளிக்கிழமையோட விசில் நிண்டிட்டுதாம்."

"பிறகு?"

"அசைக்க ஏலாத கை அக்கா, வலது கை. அண்டைக்கு ராத்திரி தொடக்கம் அது தானாக் கட்டிலுக்கு வெளியால தொங்குதாம். எடுத்து உள்ளுக்கு வைச்சாலும் திரும்பப் போகுதாம். விடியப் பாத்தா..."

"விடியப் பாத்தா?"

"உள்ளங்கை நனைஞ்சிருக்குமாம். அந்த வீட்டில நாய் இல்லை அக்கா."