வீட்டுப் பாத்தி

வேப்பந்தட்டைப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை நான். சுற்றுச்சூழல் மன்றத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வருஷா வருஷம் ஒரே கூத்துதான். பிள்ளைகள் பனிக்கரடி வரைவார்கள், பிளாஸ்டிக் பைக்குக் கொம்பு வைத்து அரக்கனாக்குவார்கள், ஒரு புங்கன் கன்றைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். எனக்கே சலித்துவிட்டது. அதனால் இந்த வருஷம் ஏழாம் வகுப்பில் நேராகவே கேட்டேன்: "சுற்றுச்சூழலுக்காக உங்க வீட்ல என்ன செய்றீங்க?"

துணிப்பை, குப்பைத் தொட்டி என்று பழைய பல்லவி வந்தது. பிறகு ஒரு சிறுமி எழுந்தாள். அவளுடைய அப்பாதான் எங்கள் சத்துணவுக்குக் காய் கொடுப்பவர்.

"எங்க கத்தரிக் கொல்லையில வூட்டுக்குன்னு ஒரு பாத்தி தனியா வச்சிருக்கோம் டீச்சர். அதுக்கு மட்டும் எங்கப்பா பூச்சிமருந்தே அடிக்க மாட்டாரு."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டச் சொன்னேன். உடனே நாலா பக்கமும் கைகள் உயர்ந்தன. எங்க வூட்லயும் இருக்கு டீச்சர், எங்க தக்காளியில இருக்கு, எங்க வெங்காயத்துல இருக்கு. கரும்பலகையில் 'இயற்கை வேளாண்மை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதிக்கொண்டே கேட்டேன், "மீதிப் பாத்திக்கெல்லாம்?"

"அதுக்கு அடிச்சிருவாங்க டீச்சர். அது விக்கிறதுக்கு. நம்ம ஸ்கூலுக்கும் அதுலேருந்துதான் குடுக்குறோம். நேத்து சாயங்காலம் அடிச்சு இன்னைக்குக் காலையில பறிச்சாங்க."

அவள் முகத்தில் துளி கள்ளம் இல்லை. சொன்னதில் பெருமைகூட இருந்தது. சாக்பீஸை வைத்துவிட்டுச் சமையற்கூடத்துக்குப் போனேன்.

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் சாப்பாட்டை ருசி பார்ப்பது ஓர் ஆசிரியரின் வேலை. அன்று என் முறை. கத்தரிக்காய் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, வாசனை தூக்கியது. வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சாம்பாரை இறக்கி வைக்கச் சொல்லி, ரசம் வைக்கச் சொன்னேன். சமையல்கார அம்மா முறைத்தார். "ஒரு சொத்த இல்ல டீச்சர், அம்புட்டும் நல்ல காயி. புழு கெடந்தாத்தான் பெத்தவங்க சண்டைக்கு வராங்க."

சாயங்காலம் மகளை அழைத்துப்போக வண்டியில் வந்த அப்பாவை நிறுத்தினேன். பள்ளிக்கும் வீட்டுப் பாத்தியிலிருந்தே கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"அய்யய்ய, அது ஓட்டக் காயிங்க டீச்சர். வூட்ல அரிஞ்சு தள்ளிட்டுத் திம்போம். நாலு பேரு சாப்புடுற எடத்துக்கு அதப் போயி குடுக்கலாமா? மரியாதையா இருக்காதுல்ல."

அவர் மனசார அப்படித்தான் நினைத்தார். ஊருக்குப் பளபளக்கும் காய், தனக்குச் சொத்தைக் காய்.  நான் மெதுவாக, "உங்க பொண்ணும் இங்கதானங்க சாப்பிடுது?" என்றேன்.

 அவர் வண்டியில் ஏறியிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். "இது எனக்குத் தோணவே இல்லையே டீச்சர்," என்றார்.  அவருக்கு உறைத்துவிட்டது என்று நிம்மதியாக பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையிலும் பளபளக்கும் கத்தரிக்காய் கூடை வழக்கம்போல வந்து இறங்கியது. பின்னாலேயே அவர் மகள் புது டிபன் பாக்ஸோடு வந்தாள். "ஸ்கூல்ல சாப்புட வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு டீச்சர்."  கூடையைத் திருப்பி அனுப்பி, சந்தையில் வாங்கிவரச் சொன்னேன். சந்தைக்குப் போவதும் இதே கொல்லைகளின் காய்தான் என்று சமையல்கார அம்மா சிரித்தார்.

வகுப்பில் பேசியது ஊருக்குள் பரவியிருந்தது. அந்த வாரத்துக்குள் வீட்டுப் பாத்தி உள்ள பிள்ளைகள் எல்லோரும் டிபன் பாக்ஸுக்கு மாறிவிட்டார்கள். ஒரு வீட்டிலும் மருந்தைக் குறைக்கவில்லை. தட்டோடு வரிசையில் நின்றவர்கள் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கொல்லைகளில் கூலிக்குக் காய் பறிப்பது அவர்களுடைய அம்மாக்கள்.

வரிசையில் நின்ற ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எங்களுக்குக் கொல்ல இல்லியே டீச்சர். நாங்க இதத் திங்கலாமா?"