கிரிதரனுக்கு வந்த காமாலை

கிரிதரனுக்கு வந்த மஞ்சள் காமாலையைப் பார்த்துக்கூட நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அவனிடம் அதிசயமாக எதுவும் கிடையாது. விளாங்குடியில் தறி ஓட்டிய ஜனகராஜின் மகன். கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. என்னைப் போலவே வீட்டில் முதல் பட்டதாரி. கணக்கில் என்னைவிட மதிப்பெண் குறைவு. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்லுவான். சென்னையில் நடந்த நேர்முகத் தேர்வில் அவனை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. 2003இல் அவன் லண்டனில் மென்பொருள் எழுதினான். நான் காளவாசலில் ஒரு டுடோரியலில் இயற்கணிதம் நடத்தினேன்.

மனைவி காவ்யஸ்ரீயின் வளைகாப்புக்காக மே மாதம் வந்தான். பிரசவத்துக்கு அவளை விளாங்குடியிலேயே தாய் வீட்டில் விட்டுவிட்டு லண்டன் திரும்பினான். ஜூன் கடைசியில் அங்கே அவனுக்குக் கண் மஞ்சளானது.

எவ்வளவு குடிப்பாய் என்றுதான் அங்குள்ள மருத்துவமனையில் முதலில் கேட்டார்களாம். பிறகு ஏ, பி, சி என்று தெரிந்த காமாலைகளுக்கெல்லாம் சோதித்தார்கள். எதுவும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மா, சமீபத்தில் எங்கே போய்வந்தாய் என்று கேட்டு, ரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்பினார். ஹெபடைடிஸ் ஈ. அசுத்தத் தண்ணீரில் பரவுவது. அந்த ஊரில் அபூர்வம். இவனைப் போல ஊருக்குப் போய்வருகிறவர்கள் கொண்டுவருவதுதானாம். மருத்துவ மாணவர்கள் கூட்டமாக வந்து இவனைப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

அதற்கு முந்தைய வருடம் சமயநல்லூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் காமாலை. எனக்கும் வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். என்னுடையது என்ன எழுத்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவன் டுடோரியல் போனுக்குக் கூப்பிட்டான்.

“லண்டன் போயும் நம்ம ஊரு சரக்குத்தானாடா?” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “எனக்குத் தானா சரியாயிரும்ங்கிறாக மாப்ள. மாசமா இருக்கவங்களுக்கு வந்தாத்தான் உசுருக்கே ஆபத்தாம். காவ்யாவும் அதே வீட்டுத் தண்ணியத்தான குடிக்கிறா? அத்தைக்கிட்டக் கேட்டா, வெந்நிதான் குடுக்கிறோம்னு அடிச்சுப் பேசுறாக. நீ நேர்ல போய்ப் பாரேன்.”

போனேன். மாமியார் கனகலட்சுமி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“தளதளன்னு கொதிக்க வைக்கிறேன் தம்பி. மாப்பிள்ளைக்குப் பச்சத்தண்ணி கண்ணுல காட்டல. ஏரோப்ளேன் சாப்பாடா இருக்கும். இல்லாட்டி எவன் கண்ணு பட்டுச்சோ.”

நான் தரையைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து காவ்யஸ்ரீ தண்ணீர் கேட்டாள். கனகலட்சுமி ஆவி பறக்கும் வெந்நீரைப் பாதி டம்ளருக்கு ஊற்றினார். பிறகு பக்கத்துக் குடத்தில் மொண்டு மீதியை நிரப்பினார்.

“குடத்துல என்ன தண்ணிம்மா?”

“குழாத் தண்ணி. பின்ன, நாக்கு வெந்துபோக அப்படியேவா குடிப்பா? மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் பதமா வெளாவிக் குடுத்தேன்.”

“அந்தக் குழாத் தண்ணியக் கொதிக்க வைக்கலையேம்மா.”

அவர் குடத்தைப் பார்த்தார். காவ்யஸ்ரீ டம்ளரை வாங்கவில்லை. அம்மாவிடம் அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டாள்.

மறுநாள் காளவாசலில் காவ்யஸ்ரீயின் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு டாக்டர் வீட்டு வராந்தாவில் காத்திருந்தோம். காவ்யஸ்ரீ வயிற்றில் கை வைத்தபடி கண்ணை மூடியிருந்தாள். கிரிதரனுக்கு ஒருமுறையாவது ஏதாவது சறுக்க வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்தவன் நான். அது இதுவாக இருக்கக் கூடாது என்று அப்போது வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலிலும், வேறு ஏதாவது சறுக்கட்டும் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை. இன்னும் சில வாரம் கவனிக்க வேண்டும், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை மட்டும் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கனகலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. “அம்புட்டுத் தூரத்துல நோவோட படுத்துக்கிட்டு, பொண்டாட்டி குடிக்கிற தண்ணி வரைக்கும் கவனிக்கிறாரு பாருங்க எங்க மாப்பிள்ளை,” என்றார்.

“கொடுத்து வச்ச பொண்ணு,” என்றார் டாக்டர்.

அவர்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். காவ்யஸ்ரீக்கு ஒன்றுமில்லை என்றதில் எனக்கு உண்மையாகவே நிம்மதி. ஆனாலும் ஆட்டோ கிளம்பும் வரை, தண்ணீரில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்தது இந்தத் தம்பிதான் என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.